கடலோரம் ஒரு கேரவன் ட்ரிப்: வண்டியை ஓட்டுறதா, நிறுத்துறதா?

‘கேரவன்’ என்றால் நம்ம ஊரில் ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகத்துக்கு வரும். ஹீரோவும் ஹீரோயினும் மேக்கப் போட, ஓய்வெடுக்க நிற்கும் ஏ.சி வண்டி. வெளிநாடுகளில் கதை வேற. மோட்டார்ஹோம், கேம்பர்வேன் என்று அதை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஹோட்டல் புக்கிங் வேண்டாம், செக்-அவுட் டென்ஷன் வேண்டாம். காலையில் கதவைத் திறந்தால் எதிரே கடல்.

இந்த வீடியோக்களைப் பார்த்துட்டு ‘நாமும் ஒருதடவை போனா என்ன?’ என்று நினைத்தவரா நீங்கள்? லண்டனில் இருக்கும் மகளையோ மகனையோ பார்க்கப் போகும்போது ஒரு வாரம் இப்படிச் சுற்றலாம் என்று பிளான் இருக்கா? அப்படியானால், ஸ்காட்லாந்தின் வடக்குக் கடற்கரையில் சில வருடங்களாக நடக்கும் சர்ச்சையைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

பெயர் வைத்தார்கள், கூட்டம் வந்தது

இன்வர்னஸ் நகரில் தொடங்கி, மேற்கு, வடக்கு, கிழக்குக் கடற்கரைகளைச் சுற்றிவிட்டு மறுபடி இன்வர்னஸுக்கே வரும் பாதை ஒன்று உண்டு. 516 மைல், அதாவது சுமார் 830 கிலோமீட்டர். 2015-ல் இதற்கு ‘நார்த் கோஸ்ட் 500’ என்று பெயர் வைத்து விளம்பரப்படுத்தினார்கள். சாலை பழசு, பெயர்தான் புதுசு. அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. கஃபே, பெட்ரோல் பங்க், தங்கும் விடுதி என்று பல ஊர்களுக்கு வருமானமும் வந்தது.

ஆனால், இந்தப் பாதை போகும் ஹைலேண்ட் பகுதி எப்படிப்பட்டது என்று பாருங்கள். பரப்பளவு தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மக்கள்தொகையோ சுமார் 2.35 லட்சம்தான். நம்ம தூத்துக்குடி நகரத்தில் 2011 கணக்கெடுப்பின்போது இருந்த அளவு. இவ்வளவு கொஞ்சம் பேர் வாழும் பகுதியில்தான் அவ்வளவு தூரத்துக்கும் சாலை போட வேண்டும், பொதுக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வேண்டும், குப்பை அள்ள வேண்டும்.

ஒரே ஒரு வண்டி போகும் ரோடு

பாதையின் பல இடங்களில் ஒரு வண்டி மட்டுமே போகலாம். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்க, ஆங்காங்கே சாலையைக் கொஞ்சம் அகலப்படுத்தி வைத்திருப்பார்கள். பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிடவும் அதே இடம்தான். ஆறு, ஏழு மீட்டர் நீள வண்டியைப் புதிதாக ஓட்டுபவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரிவதில்லை. சிலர் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கிறார்கள். பின்னால் மாட்டிக்கொள்வது வேலைக்குப் போகும் நர்ஸாக இருக்கலாம், ஆம்புலன்ஸாகவும் இருக்கலாம். ஆப்பிள்கிராஸ் ஊருக்குப் போகும் பியாலாக் நா பா என்ற மலைப்பாதை 626 மீட்டர் உயரம் ஏறும். பெரிய வண்டிகள் வர வேண்டாம் என்று அடிவாரத்திலேயே போர்டு இருக்கிறது. அதையும் தாண்டிப் போய் வளைவில் சிக்குபவர்கள் உண்டு.

யாரும் பேசாத அந்த டப்பா

வீடியோவில் காட்டாத ஒரு விஷயம், வண்டிக் கழிவறைக்கு அடியில் இருக்கும் டப்பா. பெரும்பாலும் 20 லிட்டருக்குள்தான் பிடிக்கும். ரெண்டு பேர் பயன்படுத்தினால் ரெண்டு, மூணு நாளில் நிறைந்துவிடும். அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும். ஏன்னா, நாற்றம் வராமலிருக்க அதில் ரசாயனம் ஊற்றுகிறார்கள். அந்தப் பகுதியில் பல வீடுகளும் கட்டடங்களும் செப்டிக் டேங்கை நம்பியிருக்கின்றன. கழிவை மக்கச் செய்வது அதிலிருக்கும் பாக்டீரியா. ரசாயனத்தைக் கொண்டுபோய் அதில் கொட்டினால் பாக்டீரியா செத்து, டேங்க் வேலை செய்யாமல் போய்விடும். ஓடையில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

‘ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்னு சட்டமே இருக்கே’ என்று சிலர் சொல்வார்கள். 2003-ல் வந்த அந்தச் சட்டம், நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் கூடாரம் போடுகிறவர்களுக்கும்தான். மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது.

யார் காசு கொடுப்பது?

சர்ச்சையின் மையமே இதுதான். 2024-ல் ஹைலேண்ட் கவுன்சில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு வாரத்துக்கு 40 பவுண்டு, அதாவது நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டினால், கவுன்சிலின் குறிப்பிட்ட பார்க்கிங் இடங்களில் வண்டியை நிறுத்தலாம். ஆனால் கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் கட்டலாம். ‘நாங்கள் முதல் போட்டு முகாம் நடத்துகிறோம், எங்களுக்குக் கவுன்சிலே போட்டியா?’ என்று கேரவன் முகாம் வைத்திருப்பவர்கள் கேட்டார்கள்.

அதே 2024-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், சுற்றுலாப் பயணிகள் தங்கும் கட்டணத்தில் வரி போட உள்ளாட்சிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஹோட்டல், முகாம் எல்லாம் அதில் வரும். சாலையோரம் சும்மா நிறுத்தித் தூங்கும் வண்டி வராது. ஒழுங்காக முகாமில் காசு கட்டித் தங்குகிறவருக்கு வரி வரலாம், ஓரமாக நிறுத்துகிறவருக்கு ஒன்றும் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்குக் கோபம் வருமா, வராதா?

வண்டிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. சீசனில் முகாம்கள் நிறைந்துவிடுகின்றன. குளிர்காலத்தில் பல முகாம்கள் மூடிக்கிடக்கின்றன. கழிவு கொட்டும் இடங்களும் குறைவு. வசதி செய்து தராமல் திட்டினால் எப்படி?

இந்தக் கேள்விக்கு நியூசிலாந்து ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கே 2023-ல் சட்டத்தை இறுக்கினார்கள். கவுன்சில் இடங்களில் பொதுவாக, வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்திய கழிவறையும், அதற்கான சான்றிதழும் இருந்தால்தான் இரவு தங்கலாம். தூக்கிக்கொண்டு போகும் டப்பா கழிவறை போதாது.

சக்கரத்துக்கு ஓய்வு, காலுக்கு வேலை

சட்டம் வரும்போது வரட்டும். நீங்கள் போனால் என்ன செய்யலாம்?

‘அஞ்சு நாளில் 500 மைலையும் முடிச்சுட்டோம்’ என்ற பெருமையை விட்டுவிடுவதுதான் முதல் வேலை. அந்த அவசரம்தான் ரோட்டையும் அடைக்கிறது, ஊருக்கும் ஒன்றும் தராமல் போகிறது. ஒரு வாரம் கையில் இருந்தால் மூன்றே ஊர் போதும். ஒவ்வொன்றிலும் முகாமை முன்கூட்டியே புக் செய்து, ரெண்டு ரெண்டு ராத்திரி தங்குங்கள். டப்பாவை அங்கேயே காலி செய்யலாம். காய்கறி, ரொட்டி, மீன் எல்லாம் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள்.

பகலில் வண்டியை விட்டுட்டுக் கிளம்புங்கள். சாண்ட்வுட் பே கடற்கரைக்கு ரோடே கிடையாது. பிளேர்மோர் என்ற இடத்திலிருந்து ஆறரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், திரும்பி வரவும் அதே தூரம். அதனாலேயே அந்த மணல்வெளி இன்னமும் அமைதியாக இருக்கிறது. அக்கில்டிபூயி பக்கம் கடல் கயாக் ஓட்டலாம். ஸ்டாக் பாலி குன்றை ரெண்டு, மூணு மணி நேரத்தில் சுற்றி வரலாம். தர்சோவில் குளிர் தாங்குபவர்கள் அலைச்சறுக்கு விளையாடலாம். ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ‘மிட்ஜ்’ எனும் பொடிப்பூச்சிக்கு மட்டும் வலைத்தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டுவதும் நமக்குப் பெரிய சிக்கல் இல்லை. அங்கேயும் இடதுபக்கம்தான். ஆனால் சின்ன வண்டியாக எடுங்கள்.

நாளைக்கு நம்ம கடற்கரையிலும்...

இது ஏதோ அந்நிய நாட்டுப் பிரச்னை இல்லை. கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கு ஒரு கொள்கை அறிவித்தது. அதில் கவனிக்க வேண்டியது, வண்டியோடு சேர்த்து வண்டிகள் தங்கும் பார்க்கையும் திட்டத்தில் வைத்ததுதான்.

மணப்பாடு மாதிரி ஒரு மீனவ ஊரை நினைத்துப் பாருங்கள். அலைச்சறுக்கு ஆட்கள் ஏற்கெனவே வந்துபோகும் ஊர். அங்கே ஒருநாள் இருபது கேரவன்கள் வந்து, வலை காயப்போடும் இடத்தில் நின்றால்? தண்ணீர் எங்கே பிடிப்பார்கள், கழிவை எங்கே கொட்டுவார்கள், ஊருக்கு என்ன மிஞ்சும்? வண்டிகள் வருவதற்கு முன்பே பஞ்சாயத்தில் பேசி முடிவெடுத்தால் சண்டை வராது. வந்தபிறகு பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ஹைலேண்ட் இருக்கிறது.

அடுத்தமுறை கேரவன் வாடகைக்கு விசாரிக்கும்போது, ‘ஒருநாளைக்கு எவ்வளவு’ என்பதோடு ‘டப்பாவை எங்கே காலி செய்யணும்’ என்றும் கேட்டுவிடுங்கள். சரியான பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.