நெல்லுக்கு இன்ஷ்யூரன்ஸ், ஆளுக்கு விதியா?

சென்ற மாதம் அரிசி மில் முதலாளி ஒருவர் நமது காரியாலயத்திற்கு வந்து, ஒரு நோட்டீசை மேஜைமீது போட்டு, "இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். அவருடைய மில்லில் வேலை செய்தவர்கள் ஏழே பேர். அவர்களில் 30 வயதுள்ள ஒரு தோழர், மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரர், எட்டு மாதத்திற்கு முன் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் தோள்துண்டு சிக்கி இழுக்கப்பட்டு மாண்டுபோனார். முதலாளி கல்நெஞ்சர் அல்ல. அடக்கச் செலவெல்லாம் தாமே செய்திருக்கிறார். பிறகு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை வைத்து, அந்த அம்மாள் கையில் ஒரு லட்ச ரூபாய் கொடுத்து, இனித் தமக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை என்று முத்திரைப் பத்திரத்தில் கைநாட்டும் வாங்கிக்கொண்டார். இப்போது அந்த அம்மாள் நஷ்ட ஈடு கேட்டு மனுச் செய்திருக்கிறார். கேட்டிருக்கும் தொகை 15,59,850 ரூபாய்.

"அவன் விதி முடிந்தது, போனான். அதற்கு நான் என்ன செய்வேன்?" என்றார் முதலாளி.

நெல் மூட்டைகளுக்கு இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டோம். இருக்கிறது என்றார். லாரிக்கு? இருக்கிறது. மிஷினுக்கு? பாங்கிக் கடன் இருப்பதால் அதற்கும் இருக்கிறதாம். ஆட்களுக்கு? இல்லை. அப்படியானால் நெல்லுக்கும் லாரிக்கும் இல்லாத விதி மனிதனுக்கு மாத்திரம் எங்கிருந்து வந்தது? ஆயுத பூஜைதோறும் அந்த பெல்ட்டுச் சக்கரத்திற்குச் சந்தனம் குங்குமம் வைக்கத் தவறியதில்லையாம். சுற்றி ஒரு இரும்பு வலை அடிக்க மாத்திரம் யாருக்கும் தோன்றவில்லை.

முதலாளி சொன்ன வாதம் புதியதல்ல. 1837-இல் இங்கிலாந்தில் ஃபவுலர் என்ற கசாப்புக் கடை முதலாளியிடம் வேலை செய்த பிரீஸ்ட்லி என்பவர், அளவுக்கு மேல் சுமை ஏற்றிய வண்டி முறிந்து தொடை எலும்பு ஒடிந்தார். ஜூரிகள் 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். நீதிபதிகளோ, ஆபத்து என்று தெரிந்தால் வண்டியில் ஏற மறுத்திருக்கலாமே என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டார்கள். மறுத்தால் மறுநாள் சோறு ஏது என்பதை நீதிபதிகள் யோசிக்கவில்லை. இந்தப் போக்கு மாற அநேக வருஷங்கள் ஆயின. 1884-இல் ஜெர்மனி முதலாளிகள் செலவில் விபத்து இன்ஷ்யூரன்சைக் கட்டாயமாக்கிற்று. 1897-இல் இங்கிலாந்து நஷ்ட ஈட்டுச் சட்டம் செய்தது. இந்தியாவில் 1923-இல் செய்து 1924 ஜூலையில் அமுலுக்கு வந்தது. யார் மேல் தப்பு என்பதல்ல, வேலையினால் வந்த ஆபத்தா என்பதே இந்தச் சட்டங்கள் கேட்கும் கேள்வி. பெல்ட்டுக்குப் போடும் எண்ணெய்ச் செலவு அரிசியின் விலையில் சேருகிறதென்றால், பெல்ட்டு தின்ற ஆளின் செலவும் அதில் சேரவேண்டியதுதானே?

ஆள் கவனக்குறைவாக இருந்தான் என்று முதலாளி சொன்னார். உயிர் போன கேசில் அது செல்லாது. குடித்திருந்தான், சொன்ன உத்தரவை மீறினான் என்ற சமாதானங்கள்கூட, மரணத்திற்கும் முழு நிரந்தர ஊனத்திற்கும் எடுபடமாட்டா. 1923-ஆம் வருஷத்துச் சட்டம் இப்போது, 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-இல் அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. பெயர் மாறிற்றே தவிர இந்த அடிப்படை மாறவில்லை.

15,59,850 என்பது அந்த அம்மாளின் பேராசையோ வக்கீலின் கற்பனையோ அல்ல. மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குத் தக்க ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளத்தில் 15,000 வரையில் கணக்கில் எடுக்கலாமென்று 2020 ஜனவரியில் சர்க்கார் குறித்தார்கள். பாதி 7,500. வாசகர்களே பெருக்கிப் பார்த்துக் கொள்ளலாம்.

முத்திரைப் பத்திரம் என்னவாகும் என்று அவர் கேட்டார். இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எந்தக் காகிதத்தில் எழுதினாலும் செல்லாது. மரணமான கேசில் பணத்தை அதிகாரியிடம் டிபாசிட் செய்யவேண்டும். வீட்டாரிடம் நேரில் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரையில்தான் முன்பணமாகக் கழிக்கலாம். அதாவது அவர் கொடுத்த லட்சத்தில் 45,000 போக மீதி 55,000 கணக்கில் வராது. படிப்பறியாத ஒரு பெண், துக்கத்தில், ஊரார் முன்னிலையில் வைக்கும் கைநாட்டு எப்படி வாங்கப்படும் என்பதை அறிந்துதான் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

இன்னொன்று. ஒரு மாதத்திற்குள் கொடுக்காவிட்டால் நூற்றுக்கு 12 வட்டி. இந்தத் தொகைக்கு மாதம் சுமார் 15,600 ரூபாய் ஆகிறது. செத்தவருக்கு உயிரோடிருந்தபோது கொடுத்த சம்பளத்தைவிட அவருக்கு வைத்த பாக்கியின் வட்டி அதிகம்! தக்க காரணமில்லாமல் தாமதித்தால் அசலில் பாதி வரையில் அபராதமும் போடலாம். அபராதத்தை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி தலையில் கட்டமுடியாது, முதலாளியே கொடுக்க வேண்டும் என்று 1997-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆகையால் பாலிசி இருப்பவர்களும் சும்மா இருந்துவிட முடியாது. ஏழு பேருக்கு நாலு பேர் என்று எழுதிப் பிரீமியத்தைக் குறைத்தவர்கள், விபத்தன்று ஐந்தாவது ஆளைப் பற்றிக் கம்பெனிக்கு என்ன பதில் சொல்வார்கள்?

நிற்க, பத்தும் அதற்கு மேலும் ஆள் வைத்துக்கொண்டு ரிஜிஸ்தரில் ஒன்பதோடு நிறுத்தும் கெட்டிக்கார முதலாளிகள் நம் ஊர்களில் ஏராளம். இ.எஸ்.ஐ. கட்டாமலிருக்கத்தான் இந்தத் தந்திரம். 2019 ஜூலையில் குறைத்த விகிதப்படி முதலாளி பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75. அதாவது 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு முதலாளி கட்டுவது 390, அவர் கட்டுவது 90. இதற்கு அவர் குடும்பத்துக்கு வைத்தியம், நோயில் படுத்தால் சம்பளத்தில் நூற்றுக்கு 70, வேலையில் அடிபட்டுக் கிடந்தால் 90, செத்தால் வீட்டாருக்கு மாதாமாதம் பணம். வேலைக்கு வந்த முதல்நாளே அடிபட்டாலும் உண்டு. முதலாளி மேல் நஷ்ட ஈட்டு வழக்கும் வராது. பெயரை மறைத்தால் கார்ப்பொரேஷன் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கும். சிலர் தம் பங்கு 390-ஐயும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடித்துக் கொள்ளுகிறார்கள். சட்டம் அதை அடியோடு தடுத்திருக்கிறது என்பதைத் தொழிலாளித் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்திருந்த முதலாளிக்கு நாம் சொன்னது, வழக்கை இழுக்காமல் பணத்தை டிபாசிட் செய்யுங்கள், வட்டியாவது நிற்கும் என்பதுதான். தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பாக்கி ஆறு பேருக்கும் பாலிசி எடுத்தாயிற்றா, பெல்ட்டுக்கு வலை அடித்தாயிற்றா என்று கேட்டோம். வலை அடித்துவிட்டாராம். பாலிசியைப் பற்றி விசாரித்துச் சொல்லுவதாகப் போயிருக்கிறார்.