செயற்றிட்ட முகாமைத்துவக் கல்வியும் நமது மண் தரும் பாடங்களும்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலங்களில், செயற்றிட்ட முகாமைத்துவப் பட்டத்தைப் பெற்று என்ன செய்யலாம் என்ற வினா மாணவர்களிடமும் பெற்றோரிடமும் எழுவது இயல்பாகிவிட்டது. மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் எத்தொழிலுக்கு இட்டுச் செல்லும் என்பதை யாவரும் அறிவர். செயற்றிட்ட முகாமைத்துவம் அவ்வாறு வெளிப்படையான தொழிலொன்றைச் சுட்டுவதில்லை. ஆயினும், யுத்தத்தாலும் ஆழிப்பேரலையாலும் சிதைந்து, கடந்த இரு தசாப்தங்களாக மீள்கட்டுமானத்தின் பெயரால் பெருந்தொகைப் பணம் செலவிடப்பட்ட வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு இத்துறையைவிட அவசியமான கல்வி வேறொன்று இருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

இத்துறை நமக்குத் தொலைவில் இருப்பதொன்றல்ல. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் மாதம் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாவில் இது இளமாணிப் பட்டமாகவே கற்பிக்கப்படுகிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் கற்கையாகவும் உள்ளது. ஆகவே, இக்கல்வி கிடைக்கின்றதா என்பதன்று இன்றைய பிரச்சினை. எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பதே.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பின்னர் கிழக்குக் கரையோரத்திலும், 2009 இன் பின்னர் வன்னியிலும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் பெருமளவில் காலூன்றிய போது, செயற்றிட்ட உத்தியோகத்தர், செயற்றிட்ட இணைப்பாளர் என்ற பதவிகள் நமது இளைஞர்களுக்கு அறிமுகமாயின. முன்மொழிவு எழுதவும், கொடையாளர் கேட்கும் படிவங்களை நிரப்பவும், காலாண்டு அறிக்கை அனுப்பவும் தெரிந்தவருக்குத் தொழில் கிடைத்தது. அந்நிறுவனங்களில் பல பின்னர் வெளியேறிவிட்டன. ஆனால், செயற்றிட்டம் என்றால் படிவமும் அறிக்கையுமே என்ற எண்ணம் இன்னமும் நம்மை விட்டு அகலவில்லை.

இத்துறையின் அடிப்படைக் கருவிகள் பிறந்த சூழலையும் இங்கு கவனத்திற் கொள்ள வேண்டும். எந்த வேலை தாமதித்தால் முழுச் செயற்றிட்டமும் தாமதமாகும் எனக் கணிக்கும் முறை, 1950 களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டுபொன்ட் இரசாயன நிறுவனத்தில் உருவானது. அதே காலப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை தனது பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதனையொத்த மற்றொரு முறையை வகுத்தது. இவை பயனுள்ள கருவிகளே. ஆனால் தொழிற்சாலைக் காணி எவருடையது என்ற பிணக்கோ, கட்டி முடித்ததை யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கோ அவை பிறந்த இடங்களில் பெரிதாக எழவில்லை. நமது பிரதேசத்தில் செயற்றிட்டங்களைத் தடம்புரளச் செய்பவை பெரும்பாலும் அவ்வினாக்களே. இதற்கு மூன்று உதாரணங்கள் போதுமானவை.

முதலாவது, ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோருக்காக சவூதி அரேபியாவின் நன்கொடையில் அக்கரைப்பற்று, நுரைச்சோலையில் அமைக்கப்பட்ட 500 வீடுகள். சுவரும் கூரையும் எழுந்தன. கட்டட வேலை நிறைவுற்றது. ஆனால் யாருக்கு எவ்விகிதத்தில் பகிர்வது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்து, பற்றை மண்டிச் சேதமடைந்தன. வீடிழந்த மக்கள் வெளியே காத்திருந்தனர்.

இரண்டாவது, டென்மார்க்கின் கடனுதவியுடன் அமைக்கப்பட்டு 2013 இல் திறந்து வைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம். அதன் வாயிலை மணல் மூடியதால் மீனவர் படகுகள் உட்செல்ல முடியாத நிலை தோன்றியது. மறுபுறம், கரையோரத்தின் ஒரு பகுதியைக் கடல் அரித்தது. தென்னந்தோப்புகளும் காணிகளும் கடலுக்கு இரையாகின.

மூன்றாவது, ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் அங்கீகரித்த யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம். இரணைமடுக் குளத்திலிருந்து குடாநாட்டுக்கு நீரைக் கொண்டு செல்வதே ஆரம்பத் திட்டம். தமது நெற்செய்கைக்கான நீர் குறைந்துவிடும் என அஞ்சிய கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். ஈற்றில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் மாற்றுவழி தெரிவு செய்யப்பட்டது. தாளையடியில் அமைந்த அந்நிலையம் 2024 ஆகஸ்ட் மாதமே திறக்கப்பட்டது. விவசாயிகளின் அச்சத்தை முதல் ஆண்டிலேயே செவிமடுத்திருந்தால், இந்த 14 ஆண்டுகளில் எத்தனை மீதமாகியிருக்கும்?

இம்மூன்றிலும் கால அட்டவணை இருந்தது. செலவு மதிப்பீடு இருந்தது. தகைமை வாய்ந்த பொறியியலாளரும் இருந்தனர். போதியளவில் இல்லாமற் போனது, இதனால் பயன்பெறுவோர் யார், பாதிக்கப்படுவோர் யார், நிலமும் நீரும் கடலும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற வினாக்களுக்கான விடைகளே. உரிய காலத்தில், ஒதுக்கிய செலவில் முடிந்த வேலை வெற்றியென்றால், வேலை முடிந்தும் வெறுமையாய்க் கிடந்த நுரைச்சோலையையும் வெற்றியென்றே எழுத நேரிடும்.

இவை அரசியற் காரணங்களால் நேர்ந்தவை, ஒரு பட்டதாரி இவற்றை எவ்வாறு தடுக்க முடியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இனங்களுக்கிடையிலான அவநம்பிக்கையை எந்தப் பாடநெறியும் போக்கிவிடாது. எனினும், பகிர்வுக்கான விதி அடிக்கல் நாட்டுவதற்கு முன்னரே எழுத்தில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவதும், எதிர்ப்பு எழக்கூடிய இடத்தை முன்கூட்டியே கண்டு அதனை அறிக்கையில் பதிவதும் செயற்றிட்ட முகாமையாளரின் கடமைகளாகும். அத்தகைய பதிவொன்று இருந்தால், அதனைப் புறக்கணித்தவர் யார் என்பதையாவது மக்கள் அறிந்துகொள்ளலாம்.

எனவே, பாடத்திட்டத்தில் சில மாற்றங்கள் அவசியமாகின்றன. ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அமைந்துள்ளது. வேறு நாட்டு உதாரணங்களை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் மாணவர், தமது ஊரின் துறைமுகத்துக்கு நேர்ந்ததை ஆவணங்களுடன் ஆராயவேண்டும். வவுனியா, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் நுரைச்சோலை போன்றதொரு விடயத்தை ஒரே மேசையில் அமர்ந்து ஆராய்வார்களாயின், அதுவே பெரும் பயிற்சியாகும். களப்பயிற்சியும் கொழும்பு நிறுவனங்களோடு நின்றுவிடாது, பிரதேச சபைகள், கமக்காரர் அமைப்புகள், கடற்றொழிலாளர் சங்கங்கள் ஆகியவற்றிலும் இடம்பெற வேண்டும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்த பட்டதாரிக்கு, அதனை ஒரு கமக்காரருக்குத் தமிழில் விளக்கவும், திணைக்களத்துடன் சிங்களத்தில் வாதிடவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

அரசுக்கும் இதில் பொறுப்புண்டு. எந்தப் பட்டம் பெற்றவரையும் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற ஒரே பெயரில் பிரதேச செயலகங்களுக்கு அனுப்பும் முறையில், இத்துறையைக் கற்றவரின் அறிவு பயன்படாமலே போகின்றது. அவர்களைத் திட்டமிடற் பிரிவுகளில் அமர்த்துவதற்குப் புதிய நிதி தேவையில்லை.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியதையடுத்துப் பல செயற்றிட்டங்கள் இடைநடுவில் நின்றன. இனி வரும் ஒவ்வொரு கடனுதவியும் முன்னையவற்றைவிடக் கூடிய நிதானத்துடன் செலவிடப்பட வேண்டும். படகு நுழையாத துறைமுகத்துக்காகப் பெற்ற கடனையும் மக்களே திருப்பிச் செலுத்த வேண்டியுள்ளது. அக்கடனின் சுமையை அறிந்த ஒரு தலைமுறையை உருவாக்குவதே செயற்றிட்ட முகாமைத்துவக் கல்வியின் முதற்பணியாக இருத்தல் வேண்டும்.