பொப் பாடலும் பண்டிதர் பிரம்பும்

ஈழத்து இலக்கிய வரலாற்றைக் கற்போர் அறுபதுகளின் மரபுப் போராட்டத்தை அறியாதிருத்தல் இயலாது. சிறுகதையிலும் நாவலிலும் பேச்சுத்தமிழ் இடம்பெற்றபோது ‘இழிசனர் வழக்கு’ என மரபுவாதிகள் இகழ்ந்தனர். கைலாசபதி, சிவத்தம்பி முதலியோரும் முற்போக்கு எழுத்தாளரும் மண்ணின் மொழிக்காக வாதாடி வென்றனர். அவ்வெற்றியைப் பரீட்சை விடைத்தாள்களில் நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். அப்பேச்சுமொழியே கிற்றாருடன் மேடையேறியபோது நிகழ்ந்தது யாது? வென்றவர்களின் வாரிசுகளே பண்டிதரின் பிரம்பைக் கையிலெடுத்தனர். சிறுகதையில் மண்வாசனை எனப்பட்டது பாட்டில் மலினம் எனப்பட்டது!

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாடலை நோக்குக. மகள் எங்கே என்று மாமியை வினவும் இளைஞனின் குரல் அது. முறைமாமி, மருமகன் என்னும் உறவின் உரிமையை அறியாதவனுக்கு அப்பாடலின் குறும்பு விளங்காது. இது சமூகவியல் சான்றன்றி வேறென்ன? கள்ளுக்கடையை விட்டு விலகச் சொல்லும் பாடலையும் பாடியவர் அவரே. நீதி கூறும் பாடல்கூட நடனத்துக்குரிய தாளத்தில் வந்தால் நம் விமர்சகர் செவிகளுக்கு எட்டுவதில்லை போலும்.

மெட்டு இரவல் என்பர். 1505இல் இத்தீவில் கால்பதித்த போர்த்துக்கேயரின் வழிவந்த இசைமரபிலிருந்து பிறந்தது பைலா. மட்டக்களப்புப் பறங்கியர் திருமணங்களில் அவ்விசைக்கு ஆடும் வழக்கம் தமிழர் ஊர்களின் அருகிலேயே வாழ்ந்து வந்துள்ளது. ஐரோப்பிய வயலினைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்த பாலுசுவாமி தீட்சிதரை எவரும் இரவல்காரர் என்பதில்லை. கச்சேரி மேடை ஏற்றதைக் கல்யாண வீடு ஏற்றால் மட்டும் ஏன் இந்தச் சினம்?

ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களத்தையும் தமிழையும் ஒரே பாடலில் பிணைத்தது. பாக்குநீரிணை கடந்து, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையிலும் ஒலித்தது. நுகேகொடையில் சிங்கள மாணவர் நடுவே பயிலும் நமக்கு, சுற்றுலாப் பேருந்தில் அவர்களும் நாமும் சொல் தடுமாறாது பாடக்கூடிய பாடல்கள் எத்தனை உள்ளன? பாடல் 1983 யூலையைத் தடுத்துவிடவில்லை. அது பாடலின் வேலையுமன்று. ஆயினும் அந்த யூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளோடு இசைத்தட்டுகளும் எரிந்தன. எஞ்சியவை உரியவர்களோடு கடல் கடந்தன. மனோகரனும் 2018இல் சென்னையில் மறைந்தார்.

1981இல் பாகிஸ்தானியப் பாடகி நாஸியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’ இசைத்தட்டு வெளிவந்தது. அதன் தயாரிப்பாளர் பித்து என்பதும் வெளியான ஆண்டும் இன்றும் துல்லியமாகக் கூறப்படுகின்றன. 2012இல் இந்தித் திரைப்படமொன்று அதன் தலைப்புப் பாடலை மீண்டும் கையாண்டது. நம் பாடல்களை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று வினவினால் ஆளுக்கொரு விடை கிடைக்கிறது. திரைப்பாடல் ஆய்வுக்கு உகந்ததெனின், அதற்கான ஒழுங்கில் நம்நாட்டுப் பொப் பாடலும் ஏன் நிற்கலாகாது?

தமிழ்ச் சங்கத்தாருக்கு ஒரு கோரிக்கை: அடுத்த ஆண்டு நாட்டார் பாடல் சேகரிக்கச் செல்லும்போது, ஒலிப்பதிவுக் கருவியுடன் கொட்டாஞ்சேனைக்கும் ஒருநாள் செல்லுங்கள். அக்காலத்து மேடைகளில் வாசித்தோரும் கேட்டோரும் இன்று எழுபதைக் கடந்த முதியவர்கள். கிராமத்துக் கிழவியிடம் தாலாட்டைக் கேட்கும் அதே பணிவோடு அவர்களிடமும் கேளுங்கள்.