அடுக்குமாடியில் கூவிய சேவல்



தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆசிரியர்கள் பெரும்பாலோர் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு ஒன்று உண்டு: 'நான் கொண்டாடிய தீபாவளி'. சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அதையே கொடுத்தேன். திருத்த அமர்ந்தபோது ஏட்டுக்கு ஏடு சேவல் கூவியது. ஏட்டுக்கு ஏடு கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான். எல்லா வீட்டிலும் அம்மா முதல் நாளே முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை ஆகியவற்றைச் 'செய்திருந்தார்'. பிழைகள் குறைவு. புள்ளிகளைத் தாராளமாக வழங்கினேன்.

ஒரு மாணவனின் கட்டுரை மட்டும் வேறாக இருந்தது. அவன் வீட்டில் முறுக்கைத் தீபாவளிச் சந்தையில் வாங்கிவிட்டார்களாம். பாட்டி மட்டும் அச்சு முறுக்குச் சுட்டாராம். முதல் மூன்று முறுக்குகள் அச்சை விட்டு வரவே இல்லையாம். பாட்டி குச்சியால் குத்திக் குத்தி எடுத்தாராம். நான்காவதோ ஐந்தாவதோ தானாகக் கழன்று எண்ணெயில் மிதந்ததாம். 'மாவு அதேதான், எண்ணெய் அதேதான், பாட்டியும் அதே பாட்டிதான். பிறகு ஏன்?' என்று கேட்டிருந்தான். புத்தாடை, கோயில், பெரியவர்களிடம் ஆசி பெறுதல் எல்லாம் கடைசி இரண்டு வரிகளில் முடிந்துவிட்டன.

நான் சிவப்பு மையில் எழுதினேன்: 'தலைப்பை ஒட்டி எழுதுக. கருத்துகள் போதவில்லை.'

அடுத்த மாதம் 'நான் சென்ற சுற்றுலா' என்று ஒரு கட்டுரை. அந்த மாணவனும் முதல் வரியிலேயே சேவலைக் கூவ விட்டிருந்தான். அவன் குடியிருப்பதோ அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடியில். நல்ல முன்னேற்றம் என்று எண்ணி நானும் புள்ளியைக் கூட்டிக் கொடுத்தேன்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அவனுடைய பாட்டி வந்தார். சிவப்பு மூடி போட்ட புட்டி நிறைய அச்சு முறுக்கு கொண்டு வந்திருந்தார். "ஏன் ஒட்டுது, ஏன் ஒட்டுதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தான் டீச்சர். எனக்கு என்ன தெரியும்? புது அச்சுடா, பழகணும்னு சொன்னேன். அதையே எழுதிட்டு வந்து, மார்க்கு கொறஞ்சு போச்சுன்னு அழுதான். இப்ப ஒன்னும் கேக்கறதில்ல. அடங்கிட்டான்," என்றார்.

குறையாகச் சொல்லவில்லை அந்த அம்மையார். பேரன் திருந்திவிட்டான் என்றுதான் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

பாட்டி சொன்ன அறிவியல்

அதன்பின் அந்தக் கேள்விக்கு விடை தேடினேன். பாட்டி சொன்னது முற்றிலும் சரி. புதுப் பித்தளை அச்சின் மேற்பரப்பு நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உடையது. மாவு அவற்றில் பற்றிக்கொள்கிறது. அச்சை மீண்டும் மீண்டும் சூடான எண்ணெயில் வைக்கும்போது மெல்லிய எண்ணெய்ப் படலம் அதன்மேல் இறுகிப் படிந்து அப்பள்ளங்களை மூடுகிறது. அதன்பின் முறுக்கு எளிதாகக் கழல்கிறது. 'அச்சு பழகுவது' என்று நம் பெண்கள் சொல்வது இதைத்தான்.

அச்சு போதிய சூடேறாவிட்டால் மாவு அதில் ஒட்டாமல் வழிந்துவிடும். மாவில் விளிம்புவரை மூழ்கடித்தாலோ மேற்புறத்தையும் மாவு மூடிக்கொண்டு முறுக்கு வெளிவராது. எவ்வளவு சூடு, எவ்வளவு ஆழம் என்பதைப் பாட்டிமார் எந்தக் கருவியும் இல்லாமல் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

அரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சீனி கலந்த இந்தப் பலகாரத்தை மலாய்க்காரர்கள் 'குவே ரோஸ்' என்றும் 'குவே லோயாங்' என்றும் அழைக்கிறார்கள். நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும்கூட அண்டை வீடுகளில் இது கிடைக்கும். ஒரே அச்சு முறுக்கில் அறிவியலும் இருக்கிறது. நாட்டு மக்களின் கூட்டு வாழ்வும் இருக்கிறது. இத்தனையையும் சுமந்து வந்த ஒரு கேள்வியைத்தான் நான் 'தலைப்பை ஒட்டவில்லை' என்று ஒதுக்கினேன்.

'செய்தார்' என்ற ஒரே வினை

இன்னொன்றும் என்னை உறுத்தியது. அத்தனை கட்டுரைகளிலும் அம்மா எல்லாவற்றையும் 'செய்தார்'. தமிழ் அடுக்களையில் எத்தனை வினைகள்! முறுக்கைப் பிழிகிறோம், தோசையை வார்க்கிறோம், இட்டிலியை அவிக்கிறோம், அப்பளத்தைப் பொரிக்கிறோம், பருப்பை வறுக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், கடுகைத் தாளிக்கிறோம், களியைக் கிண்டுகிறோம். எண்ணெயில் பொரிவதையும் 'பலகாரம் சுடுதல்' என்றே சொல்கிறோம். இச்சொற்களைப் பட்டியல் போட்டு மனனம் செய்ய வைக்கலாம். ஆனால் மாவைக் கையில் அள்ளாத பிள்ளைக்குப் 'பிசைதல்' வேறு, 'கலத்தல்' வேறு என்பது எப்படி விளங்கும்?

இரட்டைக்கிளவியும் அப்படித்தான். 'மொறுமொறு', 'கமகம', 'சடசட' என்பவற்றுக்கு வாக்கியம் அமைக்கச் சொன்னால் பயிற்சி நூலில் உள்ள வாக்கியமே வருகிறது. அடுப்படியில் ஐந்து நிமிடம் நின்றால் மூன்றும் காதுக்கும் மூக்குக்கும் வந்து சேரும். 'பதம்' என்ற சொல்லுக்குப் பக்குவம் என்றும் சொல் என்றும் இரு பொருள் உண்டு. பாகின் பதம் அறிந்த பிள்ளைக்குச் சொல்லின் பதமும் பிடிபடும் என்பது என் நம்பிக்கை.

சிலர் கேட்கலாம்

'மனனக் கட்டுரை முழுவதும் தவறா?' என்று ஆசிரியர்கள் கேட்கலாம். இல்லை. எழுதத் தடுமாறும் மாணவனுக்கு மாதிரிக் கட்டுரை ஒரு கைத்தடி. நன்றாக நடக்கத் தெரிந்தவனிடமும் கைத்தடியைத் திணித்ததே நான் செய்த பிழை. முன்பெல்லாம் யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. சேவல் மட்டும் இன்னும் கூவிக்கொண்டுதான் இருக்கிறது. உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று நாளும் பேசுகிறோம். பத்து வயதுப் பிள்ளை தானாகவே 'ஏன்?' என்று கேட்பதைவிட அதற்கு வேறு நல்ல தொடக்கம் உண்டா?

'நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பலகாரம் சுட நேரம் ஏது?' என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாப் பலகாரத்தையும் வீட்டிலேயே சுடுங்கள், அதுவும் அம்மாதான் சுட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மாணவன் வீட்டிலும் முறுக்கு கடையில் வாங்கியதுதான். பாட்டி சுட்ட அந்த ஒரே ஒரு பலகாரம் போதுமானதாக இருந்தது. கொதிக்கும் எண்ணெய் ஆபத்து என்றால் எண்ணெய் இல்லாதவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

என் பரிந்துரைகள் இவைதாம்:

1. பள்ளி விடுமுறைக்கு ஒரு முறையாவது பிள்ளையின் கைபட ஒரு பலகாரம் ஆகட்டும். நெய்யுருண்டை பிடிக்கலாம். உருக்கிய நெய் ஊற்றியவுடன் தளர்வாக இருக்கும் மாவு, ஆறியபின் ஏன் இறுகுகிறது என்று கேட்கலாம். 'ஒண்டே ஒண்டே' செய்யலாம். நீரில் மூழ்கும் உருண்டை வெந்ததும் ஏன் மேலே வருகிறது என்று பார்க்கலாம்.

2. பிள்ளை கேட்டதும் கைப்பேசியை எடுத்து விடை காட்டாதீர்கள். 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று முதலில் கேளுங்கள். முறுக்கு வேகும்போது எழும் குமிழி, எண்ணெய் கொதிப்பதால் வருவதன்று. மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதால் வருவது. நீர் குறையக் குறையக் குமிழியும் சத்தமும் அடங்கும். 'சத்தம் அடங்கட்டும், எடுக்கலாம்' என்று பெரியவர்கள் சொல்வதிலிருந்தே பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிடும்.

3. ஆசிரியர்களே, வாரம் ஒரு கேள்வியை வீட்டிலிருந்து எழுதி வரச் சொல்லுங்கள். விடை வேண்டாம், புள்ளியும் வேண்டாம். என் வகுப்பில் இதற்கு 'ஏன் ஏடு' என்று பெயர். சென்ற வாரம் வந்த கேள்விகளில் ஒன்று: 'எண்ணெயில் பொரியும் முறுக்கைச் சுடுகிறோம் என்று ஏன் சொல்கிறோம்?' நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாட்டி வந்து சென்ற மறுநாள், அந்த மாணவனின் பழைய கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்தேன். என் சிவப்பு மைக் குறிப்பு தவறு என்றும் சொன்னேன். அவன் தலைகுனிந்து அமர்ந்திருந்தான், ஒன்றும் பேசவில்லை. மூன்று வாரங்கள் கழித்து ஒரு காலை வேளை, ஏடு கொடுக்க வந்தவன் மெல்லக் கேட்டான்: "டீச்சர், ரொட்டி சானாய் மாவை ஏன் வீசி வீசிப் போடுறாங்க?"

அவன் திரும்பி வந்துவிட்டான். திரும்பாமலே போன பிள்ளைகள் எத்தனை பேரோ! அந்தக் கணக்கு என்னிடம் இல்லை என்பதே என் வருத்தம்.

சிந்திப்போம்.