தபால்காரர் பூங்காவில் ஒரு சுவர்

லண்டன் போகும் நம் தோழர்கள் ஹைகேட்டில் மார்க்ஸ் சமாதியைத் தேடிப் போவார்கள். நல்லது. நாம் இன்னொரு இடமும் சொல்கிறோம். செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகில் தபால்காரர் பூங்கா என்று ஒரு சின்னப் பூங்கா. 1880-ல் பொதுஜனங்களுக்குத் திறந்தார்கள். பக்கத்துத் தபால் நிலையத் தொழிலாளர்கள் வந்து இளைப்பாறியதால் இந்தப் பெயர்.

அங்கே ஒரு தாழ்வாரம். பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாமானியர்களுக்காக வாட்ஸ் என்ற ஓவியரின் முயற்சியால் 1900-ல் எழுந்தது. சுவரில் பீங்கான் பலகைகள். ஒன்றில் தாமஸ் கிரிஃபின், ஃபிட்டரின் கையாள். 1899 ஏப்ரலில் பாட்டர்சீ சர்க்கரை ஆலையில் பாய்லர் வெடித்தது. கூட்டாளியைத் தேடித் திரும்ப உள்ளே போனவர் வெந்து செத்தார். இன்னொன்றில், 1895-ல் ஈஸ்ட் ஹாம் கழிவுநீர் நிலையத்தில் ஒரு தோழரைக் காப்பாற்றப் போய் மாண்ட நான்கு பேர். ‘தோழர்’ என்ற சொல்லே பலகையில் இருக்கிறது!

வாட்ஸ் நல்ல மனிதர்தான்; சர்க்கார் கொடுத்த பட்டத்தை வேண்டாம் என்றவர். ஆனால் அந்த பாய்லருக்குப் பொறுப்பாளி யார்? பலகையில் இல்லை. ‘தியாகம்’ என்று எழுதிவிட்டால் கணக்கு தீர்ந்ததா?

நம் ஊரில் பலகைகூடக் கிடையாது. சாக்கடைக் குழியில் ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் சாகிறார். 2013-ல் தடைச் சட்டம் வந்தது. 2023-ல் சுப்ரீம் கோர்ட் நஷ்டஈட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இறக்கிவிட்ட காண்டிராக்டர் ஜெயிலுக்குப் போனதை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?