இனாமும் கூலியும்

உதகையிலும் குன்னூரிலும் விடுதி அறையை விட்டு அசையாமல், கைபேசியில் விரலை வைத்துப் பிரியாணியும் பரோட்டாவும் தருவித்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஸ்விக்கி, ஸொமாட்டோ என்னும் கம்பெனிகளின் பைகளைச் சுமந்துகொண்டு வாலிபர்கள் மலைப்பாதைகளில் ஏறி இறங்குகிறார்கள். உணவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துமுன், கொண்டுவந்தவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா, கொடுப்பதானால் எவ்வளவு என்ற கேள்வி அநேகருக்கு எழுகிறது. ‘டிப்ஸ்’ என்று இன்று ஜனங்கள் வழங்கும் இந்த இனாமைப் பற்றி நமது அபிப்பிராயத்தைத் திட்டமாகச் சொல்லிவிட விரும்புகிறோம். பத்து இருபது ரூபாய் விஷயந்தானே என்று சிலர் நகைக்கலாம். அந்தப் பத்து இருபது ரூபாய்க்குள் ஒரு தொழிலாளியின் கூலியும் ஒரு கம்பெனியின் கடமையும் மறைந்து கிடக்கின்றன என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

உணவு விலையில் நூற்றுக்கு ஐந்து அல்லது பத்து என்று கணக்கிட்டுக் கொடுப்பது சிலருடைய வழக்கம். நீலகிரிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. 150 ரூபாய்த் தோசையானாலும் 1,500 ரூபாய் விருந்தானாலும் ஏற வேண்டிய மேடு ஒன்றே. உதகை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இங்கே சமதரையில் ஒரு மைல் சேர்ந்தாற்போல் போவதே அபூர்வம். ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டு ஏறும்போது பெட்ரோல் கரைகிறது. இறக்கத்தில் பிரேக் தேய்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்குள் விடுதிகளாக மாறிவிட்ட பங்களாக்களுக்கோ தார்ச்சாலை முடிந்த பிறகும் கல்லும் சேறுமான பாதை மிச்சமிருக்கும். இரவானால் குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் காட்டெருமையும் கரடியும் குறுக்கே வரும். தென்மேற்குப் பருவத்தில் மழை. மார்கழி, தை மாதங்களில் கைவிரல் மரத்துப்போகும் உறைபனி. கோடைக்காலத்தில் வாகன நெரிசலைச் சொல்ல வேண்டியதில்லை. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் நீலகிரிக்குள் சாதாரண நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும் மட்டுமே வரலாம் என்று சென்னை உயர்நீதிமன்றமே வரம்பு கட்டும்படி ஆயிற்று. அந்த நெரிசலுக்குள் புகுந்து, உணவு ஆறுமுன் கொண்டுவந்து சேர்ப்பவர் படும் பாடு பில்லில் எந்த வரியிலும் ஏறுவதில்லை.

ஆகையால் நாம் சொல்லும் அளவுகோல், பில் அல்ல, பாதை. ஊருக்குள், பகலில், நல்ல வானிலையில் கொண்டுவந்தால் 20 ரூபாய். செங்குத்தான ஏற்றமோ, தோட்டத்துக்குள் செல்லும் பாதையோ ஆனால் 30 ரூபாய் அல்லது 40 ரூபாய். மழையிலோ, பனியிலோ, ஊர் அடங்கிய இரவிலோ வந்தால் 50 ரூபாய்க்குக் குறையாமல் கொடுப்பது நியாயம். ஓர் அறைக்கு ஓரிரவுக்கு ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்துத் தங்கும் பிரயாணிக்கு இது பாரமாகாது. மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் உள்ளூர்க் குடும்பத்தாருக்கு நாம் இந்த அளவை விதிக்கவில்லை. அவர்கள் பத்து ரூபாய் கொடுத்தாலும் போதும். அதுவும் இயலாவிட்டால் மூன்று மாடி ஏறவிடாமல் வாசலுக்கு இறங்கி வந்து வாங்கிக்கொள்ளட்டும். மழையில் நனைந்து வந்தவருக்கு ஒரு தம்ளர் தேநீர் கொடுக்கட்டும். முகவரியைத் தெளிவாகச் சொல்லுவதும் ஓர் உபகாரமே. வழி தெரியாமல் மேட்டில் இருமுறை ஏறி இறங்கியவருக்கு அதற்கான பெட்ரோலை யாரும் தருவதில்லை.

எவ்வளவு என்பதோடு எப்படி என்பதும் முக்கியம். ஆர்டர் செய்யும்போதே கைபேசியில் இனாம் குறிக்கும் வழி இருக்கிறது. ஆயினும் உணவு வந்து சேர்ந்த பிறகு, கையில் காசாகவோ அவருடைய சொந்த எண்ணுக்கோ கொடுப்பதே சிறந்தது. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே அப்போது மூன்றாவது ஆள் இல்லை. முப்பது வயதுக் குடும்பஸ்தரை ‘டெலிவரி பையன்’ என்று அழைப்பதையும் விட்டுவிட வேண்டும். இந்த மலைகளில் இனாமுக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. சென்னை மாகாணத்துக் கவர்னர்கள் கோடைக்காலத்தில் உதகைக்குக் குடியேறிய நாட்களில், பங்களாச் சேவகர்களுக்கு எறியப்பட்ட காசுக்கு இனாம் என்றும் பக்ஷீஸ் என்றும் பெயர். தோட்டங்களில் மானேஜரைத் துரை என்று அழைக்கும் வழக்கம் அந்தக் காலத்தின் மிச்சம். துரை போட்ட காசு தயவு. அதை வாங்கியவர் குனிந்து வாங்க வேண்டியிருந்தது. சுதந்திர நாட்டுப் பிரஜை இன்னொரு பிரஜைக்குக் கொடுப்பது அவ்விதமானதாக இருக்கலாகாது. அவர் பட்ட சிரமத்தை அறிந்தேன் என்று சொல்லும் அடையாளமே அது. அதற்காக அவர் கும்பிட வேண்டியதுமில்லை. கொடுத்தவர் எதிர்பார்க்க வேண்டியதுமில்லை.

இவ்வளவும் கொடுப்பவர் கடமை. இதோடு நிறுத்திவிட்டால் கம்பெனிகளுக்கு நாம் பெரிய உபகாரம் செய்தவர்களாவோம். ஸொமாட்டோவின் நிறுவனர் தீபிந்தர் கோயல் 2026 ஜனவரியில் வெளியிட்ட கணக்கைப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டில் தேச முழுவதற்குமான சராசரியில், அத்தொழிலாளர் இனாம் நீங்கலாக மணிக்கு 102 ரூபாய் சம்பாதித்தார் என்கிறார். அதில் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கும் வண்டிப் பராமரிப்புக்கும் போய்விடும் என்பதும் அவர் கணக்கே. ஆக, கையில் நிற்பது மணிக்குச் சுமார் 82 ரூபாய். இனாமாகக் கிடைத்ததோ மணிக்கு 2 ரூபாய் 60 காசு. நூறு ஆர்டரில் ஏறக்குறைய ஐந்துக்குத்தான் எவரேனும் எதையேனும் கொடுத்திருக்கிறார்கள். சமவெளியும் மலையும் கலந்த சராசரி இது. மலையேறும் வண்டிக்கு ஐந்தில் ஒரு பங்கு போதுமா என்பதை நீலகிரியில் வண்டி வைத்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழி இன்று ஸ்கூட்டரிலும் ஏறிவிட்டது.

இப்பொழுது நாம் சொன்னபடி எல்லோரும் 20 ரூபாய் கொடுக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? மணிக்கு இரண்டு ஆர்டர் என்று வைத்துக்கொண்டாலும் 40 ரூபாய் வரும். தொழிலாளிக்கு நல்லதுதான். ஆனால் அந்த 40 ரூபாயைக் காட்டிக் கம்பெனி தான் கொடுப்பதைக் குறைத்துவிட்டால்? வீணான சந்தேகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் இது நடந்தேயிருக்கிறது. டோர்டாஷ் என்னும் உணவு விநியோகக் கம்பெனி, ஜனங்கள் தொழிலாளிக்கென்று கொடுத்த இனாமைக் கொண்டே தான் உறுதியளித்த கூலியை நிரப்பிக்கொண்டது என்பது நியூயார்க் மாகாணத்து அட்டர்னி ஜெனரலின் குற்றச்சாட்டு. 2017 மே முதல் 2019 செப்டம்பர் வரை நடந்த அக்காரியத்துக்காக, 2025 பிப்ரவரியில் ஒரு கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து அக்கம்பெனி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதுதான். அதே நியூயார்க் நகரம் 2023 டிசம்பர் முதல், இனாம் நீங்கலாகவே மணிக்கு இவ்வளவு டாலர் கொடுத்தாக வேண்டுமென்று இத்தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கட்டாயமாக்கியது. கம்பெனிகள் நீதிமன்றம் ஏறிப் பார்த்தும் தடுக்க முடியவில்லை.

நம் நாட்டில் இக்கம்பெனிகள் தங்கள் தொழிலாளரைத் தொழிலாளர் என்று அழைப்பதில்லை, ‘பார்ட்னர்’ என்கின்றன. அழகான வார்த்தை! சட்டம் என்ன சொல்லுகிறது? 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, ஒரு வியாபாரத்தின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்பியவர்களே கூட்டாளிகள். சேரிங் கிராஸ் சிக்னலில் நனைந்து நிற்கும் வாலிபருக்கு எந்த லாபத்தில் எத்தனை பங்கு என்று நாம் கேட்கிறோம். வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, விழுந்தால் எலும்பும் அவருடையது. விலையும் கூலியும் விதிப்பது மட்டும் கம்பெனி. லாபத்தில் பங்கில்லாத கூட்டாளி என்று ஒருவன் உலகத்தில் இல்லை.

இதே மலையில் இதே மழையில் நனையும் தேயிலைத் தொழிலாளியின் கதையை ஒப்பிட்டுப் பாருங்கள். துரைமார் மனமிரங்கிக் கம்பளி கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்றிருந்த காலம் ஒன்று. 1951-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குடையும் கம்பளியும் மழைக்கோட்டும் முதலாளியே கொடுக்கும்படி மாகாண அரசுகள் விதி செய்யலாம் என்றது. அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. ஆனால் அது நிலைநாட்டிய நியாயம் அடங்கவில்லை: மலைக் குளிரிலிருந்து தொழிலாளியைக் காப்பது முதலாளியின் தயவு அல்ல, கடமை. அரசாங்க உத்தியோகஸ்தர் நீலகிரியில் வேலை பார்த்தால் அவருக்கு மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டு. குளிர் உத்தியோகஸ்தரை மட்டும் தேடிப் பிடித்து நடுக்குகிறதா? உணவுப் பை சுமப்பவருக்கு மலைப்படி ஏன் இல்லை?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இத்தொழிலாளருக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கொடுத்தது. கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை அவர்கள் நலத்துக்குச் செலுத்த வேண்டும் என்றது. அது அமலுக்கு வர 2025 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2023 சுதந்திர தினத்தன்று இவர்களுக்கென நலவாரியம் அறிவிக்கப்பட்டு, பின்னர் அமைக்கப்பட்டது. ராஜஸ்தான் 2023-லும் கர்நாடகம் 2025-லும் தனிச் சட்டமே இயற்றின. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆயினும் நலநிதி வேறு, கூலி வேறு. விபத்து நேர்ந்த பிறகு கொடுப்பது நிதி. விபத்துக்குள் விரட்டாமலிருப்பது கூலி. நீதவான் விதிக்கும் அபராதத்தைப் போல ஒவ்வொரு நிமிஷத் தாமதத்துக்கும் அஞ்சி வளைவுகளில் வண்டியை முறுக்கும் நிலை நீங்க வேண்டுமானால், ஏற்றத்துக்கு ஒரு படி, மழைக்கு ஒரு படி, உணவகத்தில் காத்திருக்கும் நேரத்துக்கு ஊதியம், கம்பெனிச் செலவில் மழைக்கோட்டு ஆகிய நான்கும் அவசியம். இவற்றை நீலகிரிக்கென்று நிர்ணயிக்கும்படி நலவாரியத்தை நாம் கேட்டுக்கொள்கிறோம்.

இனாம் கொடுத்தால் ஆட்கள் கெட்டுப்போவார்கள், கூலி கேட்டால் கம்பெனி ஓடிப்போய்விடும் என்போர் இருக்கிறார்கள். 1908-ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும் இவ்விதமான பயமுறுத்தல்கள் எழாமலில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்ற அந்தத் தொழிலாளர் முதலாளியிடம் இனாம் கேட்கவில்லை. கூலி உயர்வும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கேட்டார்கள். பெற்றார்கள். ஆலையும் ஓடிப்போய்விடவில்லை.

ஆகவே, உதகைக்கும் குன்னூருக்கும் வரும் பிரயாணிகளுக்கும் உள்ளூர் அன்பர்களுக்கும் நாம் சொல்வது இரண்டு. பாதையைப் பார்த்து இனாம் கொடுங்கள். முகம் பார்த்து, மரியாதையோடு கொடுங்கள். கொடுத்துவிட்டதனால் கடன் தீர்ந்தது என்று மட்டும் கதவைச் சாத்திவிடாதீர்கள். தொழிலாளர் மலைப்படி கேட்டுக் குரல் எழுப்பும் நாளில் உங்கள் உணவு அரை மணி தாமதமாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கோரிக்கைத் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். 20 ரூபாயைக் காட்டிலும் அந்தக் கையெழுத்து நெடுந்தூரம் ஏறும்.