குரலணியும் பொருளும்

ஐரோப்பிய இசைநாடகத்தை ஆப்பெரா என்பர். இத்தாலி நாட்டில் தோன்றி வளர்ந்த அந்நாடகத்தில், ஓர் உயிரெழுத்தின்மேல் எண்ணற்ற சுரங்களை விரைந்து அடுக்கிப் பாடும் முறையொன்று உண்டு. அதனைக் கொலரத்தூரா என வழங்குவர். இது வெறும் தொண்டை வித்தை என்று இகழ்வாரும் உளர். இதுவே இசையின் கொடுமுடி எனப் புகழ்வாரும் உளர். இருவர் கூற்றும் எமக்கு உடன்பாடன்று.

இகழ்ச்சிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் பாடகரே அரங்கை ஆண்டனர். பாட்டின் முதற்பகுதியை இறுதியில் மீளப் பாடுவது அக்கால மரபு. அங்ஙனம் பாடுங்கால் தத்தம் திறமைக்கேற்ப அணிகளைப் புனைந்து சேர்ப்பர். நாளடைவில் அணி மிகுந்தது, சொல் மறைந்தது. துயரில் உருகும் தலைவி ஒரு சொல்லின் நடுவே நின்று சுரங்களைக் கொட்டினால், கேட்போர் அவள் துயரை நினைப்பரோ, பாடுவோர் மூச்சை அளப்பரோ? குளூக் என்னும் இசையாசிரியர் தம் 'அல்செஸ்தே' நாடகத்தை 1769-இல் அச்சிட்டபோது, முன்னுரையில் இவ்வழக்கைக் கண்டித்து எழுதினார். அக்கண்டனம் முற்றும் தக்கதே.

ஆயினும் மாணவர்காள், அணியனைத்தும் களையத்தக்கன என்பது அதனாற் பெறப்படாது. 1791-இல் வியன்னாவில் அரங்கேறிய மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' நாடகத்தில், இரவின் அரசி தன் மகள் கையிற் குத்துவாளைத் தந்து பகைவனைக் கொல்லுமாறு பணிக்கிறாள். மறுத்தால் நீ என் மகளே அல்லை என்கிறாள். சினம் ஏற ஏறச் சொல் நின்றுவிடுகிறது. குரல்மட்டும், பெண்குரல் எட்டுதற்கரிய உயரத்தில், கூரிய சுரங்களாய்த் தெறிக்கிறது. அச்சுரங்களை நீக்கிவிட்டால் அங்கே சினமே இல்லை.

1835-இல் நேபிள்ஸ் நகரில் அரங்கேறிய டோனிசெட்டியின் 'லூசியா' இதனினும் நுண்ணியது. தமையன் வற்புறுத்தலால் விரும்பாத ஒருவனை மணந்த லூசியா, மணநாளிரவில் அவனைக் கொன்று, பித்துற்று, காதலனோடு தனக்கு மணம் நிகழ்வதாக எண்ணிப் பாடுகிறாள். குழலொன்று முன்னே ஓட, அவள் குரல் அதனைத் தொடர்கிறது. பிறர்க்குக் கேளாத ஒன்றோடு அவள் பேசுகிறாள் என்பதைச் சொல்லால் இவ்வளவு தெளிவாக உணர்த்தல் அரிது. குழலும் குரலும் மாறிமாறி வரும் அந்நெடும்பகுதி டோனிசெட்டி எழுதியதன்று, பின்வந்தோர் சேர்த்தது. ஆதலின் அதனை விலக்கவேண்டும் என்பாரும் உளர். பொருளுக்கு இயைந்ததாயின், சேர்த்தவர் யாராயின் என்? குழலோடு போட்டியிட்டு வென்றவள்போல் நின்று, கைதட்டலுக்குத் தலைவணங்கும் பாடகியரே எமக்கு வருத்தந் தருபவர். பித்துற்ற பெண் அவைக்கு வணக்கஞ் சொல்வாளோ?

மரியா காலஸ் (1923–1977) இப்பகுதியைப் பாடிய ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அவர் குரல் எல்லாவிடத்தும் இனியதன்று. உயர்சுரங்கள் சிலவற்றில் நடுக்கமும் உண்டு. எனினும், விரைந்தோடும் ஒவ்வொரு சுரமும் லூசியா சொல்ல வந்து சொல்லமாட்டாது விட்ட சொல்லாகவே கேட்கிறது.